ராணிக்குப் பொட்டு வைத்த காசுகள்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் பதினான்கு நாணயப் பெட்டிகள் இருக்கின்றன. வருகிற விருந்தாளிகள் அதைப் பார்த்துவிட்டு என் கணவரிடம்தான் கேட்பார்கள். "அங்கிள், நீங்கள் கொயின் சேர்க்கிறனீங்களோ?" அவர் கதிரையில் இருந்தபடி சிரிப்பார். நான் வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் அங்கிருந்து குரல் கொடுப்பேன். "அது நான் உழைச்சது."

பதினேழு வருடங்கள், சிட்னிக்குப் பக்கத்தில் டூங்கபியில் உள்ள இந்த வீட்டின் முன் அறையில், நான் பிள்ளைகளைப் பார்த்தேன். அயலவரின் பிள்ளையை ஓர் உதவிக்கு வைத்துக்கொண்டிருந்த கதை இல்லை இது. இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் எடுத்து, முறைப்படி பதிந்து, முதலுதவி படித்து, அலுமாரிக் கதவுக்கெல்லாம் பூட்டுப் போட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும் மேற்பார்வைக்காரிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து காட்டி, வரியும் கட்டிச் செய்த தொழில். ஒரே நேரத்தில் நான்கு பிள்ளைகள், நான்கும் பள்ளிக்கூடம் போகாத வயது. காலை ஏழு மணிக்கு முதல் பிள்ளை வரும். மாலை ஆறு மணிக்குக் கடைசிப் பிள்ளை போகும். என் கையில் இருந்து பள்ளிக்கூடம் போன பிள்ளை ஒன்றுக்கு மூக்குச் சிந்தத் தெரியாது, சப்பாத்துப் போடத் தெரியாது என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

நாணயங்கள் வந்தது முதல் பிள்ளையோடு. அவளுடைய அம்மா ஆஸ்பத்திரித் தாதி, அப்பா தபால்காரர், இரண்டு பேரும் வெள்ளைக்காரர். ஒன்பது மாதத்தில் கொண்டுவந்து விட்ட பிள்ளை, ஐந்து வயதில் பள்ளிக்கூடச் சீருடையோடு விடைபெற வந்தது. அன்றைக்கு அந்த அம்மா ஒரு சின்னப் பெட்டியை என் கையில் வைத்தாள். உள்ளே ஆறு நாணயங்கள். ஐந்து சதத்தில் இருந்து இரண்டு டொலர் வரை, ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் கூட்டுக்குள், முகம் பார்க்கலாம் போல மினுங்கிக்கொண்டு இருந்தன. நாணயச்சாலை ஒவ்வொரு வருடமும் சேர்க்கிறவர்களுக்கென்று தனியாக அடிக்கிற காசு அது. அந்தப் பெட்டி, பிள்ளை பிறந்த வருடத்துக்குரியது. "இவள் எந்த வருடத்துப் பிள்ளை என்று உனக்கு மறக்கக் கூடாது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் எங்கே மறக்கப்போகிறேன்? அந்தப் பிள்ளைக்கு முதல் பல்லு முளைத்ததைப் பெற்றவளுக்கு முன்னம் பார்த்தவள் நான்.

அதை அலுமாரியில் வைத்தேன். அடுத்த பிள்ளையின் தகப்பன் அதைப் பார்த்து விசாரித்தார், தன் மகன் போகும்போது அவரும் ஒன்று கொண்டுவந்தார். மூன்றாவது குடும்பம் இதுதான் இந்த வீட்டு வழக்கம் என்று நினைத்துவிட்டது. அதன் பிறகு யாரும் யாருக்கும் சொல்லாமலே வந்துகொண்டிருந்தது. கிரேக்கர், லெபனான்காரர், நம்மூர்க்காரர், சீனர் என்று பாராமல் எல்லோரும் தங்கள் பிள்ளை பிறந்த வருடத்தைப் பெட்டியில் போட்டு என்னிடம் தந்துவிட்டுப் போனார்கள்.

இடையில் ஓர் இரட்டைப் பிள்ளைகள். குறைமாதத்தில் பிறந்தவை. தாயும் தகப்பனும் வைத்தியர்கள். ஆனாலும் அந்த இரண்டையும் தூங்கவைக்க அவர்களுக்குத் தெரியாது. நான் சீலையில் ஏணை கட்டித் தூங்கவைத்தேன். மேற்பார்வைக்காரி வந்து பார்த்துவிட்டு அது விதிக்கு ஒத்துவராது, அவிழ் என்றாள். அவிழ்த்தேன். பிறகு காலை நீட்டி இருந்து, ஒரு காலில் ஒன்றும் மறு காலில் ஒன்றுமாகப் போட்டு ஆட்டினேன். காலுக்கு விதி ஏதும் எழுதியிருக்கவில்லை. அந்த வைத்தியர்கள் விடைபெறும்போது தந்த பெட்டியில் ஒரே ஒரு காசுதான் இருந்தது. தங்கம். பவுனுக்குக் கிட்ட வரும். அதோடு பிள்ளைகள் இரண்டும் சிவப்புப் பென்சிலால் கிறுக்கிய ஒரு வாழ்த்து அட்டையும் இருந்தது. தங்கம் என்றதும் என் கணவர் அதைக் கண்ணாடி அலுமாரியில் வைக்க விடவில்லை. அது என் தாலிக்கொடியோடும் காப்புகளோடும் அறைக்குள் போய்விட்டது. அட்டையை மட்டும் நான் வெளியில் வைத்துக்கொண்டேன்.

இனி என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ரயில் பாதைகளுக்குப் படம் வரைகிற வேலையில் இருந்தவர். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அதனால் வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் நிரப்புவது அவர்தான். ஒருநாள் காப்புறுதிப் படிவம் ஒன்றில் என் பெயருக்கு நேரே, தொழில் என்ற கட்டத்தில், "ஹோம் டியூட்டீஸ்" என்று எழுதியிருந்தார். வீட்டு வேலையாம்.

"முன் அறையில நாலு பிள்ளை கத்துது. அது ஆற்ர டியூட்டி?" என்று கேட்டேன்.

"வீட்டிலதானே செய்யிறீர். பிறகு வேற என்ன எண்டு எழுதிறது?" என்றார். குத்திப் பேசவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். அதுதான் எனக்கு அதிகம் கொதித்தது. மூன்று நாள் அவருக்கு இடியப்பம் அவிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த படிவங்களிலும் அதையேதான் எழுதினார். நானும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

ஆனால் சரஸ்வதி பூசைக்கு நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவரவர் தொழிலுக்கு எது கருவியோ அதைப் பூசையில் வைக்க வேண்டும். அவர் தன் அளவுகோலையும் லப்டொப்பையும் கொண்டுவந்து வைப்பார். மகள் புத்தகங்களை அடுக்குவாள். எனக்கு என்ன கருவி? பால் போத்தலையும் பிள்ளைக்குக் கட்டுகிற நப்பியையும் சரஸ்வதிக்கு முன்னால் வைக்க முடியுமா? நான் நாணயப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தேன்.

பூசைக்கு வைக்கிற சாமானை விளக்காமல் வைக்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. குத்துவிளக்குக்குப் புளி கரைக்கிற அன்று காசுகளையும் பிளாஸ்டிக் கூட்டை உடைத்து வெளியில் எடுத்து, புளி போட்டு, தேங்காய்த் தும்பால் நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்தேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தேன். காசின் ஒரு பக்கத்தில் ராணியின் தலை இருக்கும். பக்கவாட்டு முகமாக இருப்பதால் நெற்றியைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம். எண்பத்துநாலு ராணிமாருக்கும் நெற்றி பார்த்துப் பொட்டு வைத்திருக்கிறேன். வருடா வருடம், பெட்டி கூடக் கூட, இதைச் செய்தேன். ஒவ்வொரு பெட்டியைக் கழுவும்போதும் அதற்குரிய பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொள்வேன். தங்கக் காசை மட்டும் தொடவில்லை. தங்கத்துக்குப் புளி தேவையில்லை.

முழங்கால் நோவால் நான் தொழிலை நிறுத்தி நாலைந்து வருடங்கள் ஆகிவிட்டன. அவரும் இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றார். இப்போது நான் வாரத்தில் இரண்டு நாள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னவர்களுக்கு வாசிக்க உதவப் போகிறேன். வீட்டில் சமையல், கூட்டுதல், உடுப்புக் காயப்போடுதல் எல்லாம் அவர்தான். அவர் வைக்கிற பருப்பில் உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நான் வாய் திறப்பதில்லை.

இந்த வருடம் மெல்பேர்னில் இருக்கும் மகள் கிளென் வேவர்லியில் ஒரு வீடு பார்த்தாள். பேத்திக்கு நல்ல பள்ளிக்கூட எல்லைக்குள் வருகிற வீடு, அதனால் விலையும் அப்படி. முற்பணத்துக்குக் கொஞ்சம் குறைந்தது. அவர் தன் சேமிப்பில் இருந்து தருவதாகச் சொன்னார். பெற்றோர் தருகிற பணம் கடன் இல்லை, அன்பளிப்பு என்று சத்தியக் கடதாசி ஒன்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தரவேண்டும் என்று வங்கி கேட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. நான் உழைத்ததெல்லாம் மாதாமாதம் வீட்டுக் கடனுக்குள் போய்க் கரைந்துவிட்டது. சேமிப்பு அவருடைய பெயரில். எனக்கென்று தனியாக, என் தொழிலுக்கென்று வந்தது இந்தக் காசுப் பெட்டிகள் மட்டும்தான். இணையத்தில் பார்த்தால் பழைய வருடத்துப் பெட்டிகளுக்கு நல்ல விலை போட்டிருந்தார்கள். மகளுக்கு ஃபோன் எடுத்து, நானும் காசு தருகிறேன், எனக்குத் தனியாக ஒரு கடதாசி அனுப்பச் சொல் என்றேன்.

"அம்மா, லோன் புரோக்கர் ஒரு லெட்டர் போதும் எண்டவர். அப்பாவின்ரயோட சேர்த்துப் போடலாம்."

"சேர்க்கத் தேவையில்லை. எனக்குத் தனிக் கடதாசி வேணும்."

"வை அம்மா? இட்ஸ் த சேம் திங்."

"சேம் இல்லை, பிள்ளை. நான் உழைச்சுத் தந்த காசு எண்டு ஒரு இடத்திலயாவது எழுதிக் கிடக்கோணும்."

"ஓகே அம்மா, அனுப்பச் சொல்றன்" என்றாள். குரல் மாறியிருந்தது.

அவர்தான் தடை போட்டார். "அன்பாத் தந்ததை விக்கிறதோ? அது சரியில்லை. வைச்சிரும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை. ஒரு கிழமை முழுக்க அலுமாரிக்கு முன்னால் போய் நிற்பேன். விற்கலாம் என்று முதல் பெட்டியை எடுத்தால், காலை ஏழு மணிக்கு வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு வீரிட்டு அழுத அந்த முதல் பிள்ளை வரும். வைத்திருப்போம் என்று திரும்ப வைத்தால், தொழில் என்ற கட்டத்தில் எழுதியிருந்த அந்த இரண்டு சொற்கள் வரும். கடைசியில் கட்டம்தான் வென்றது. பதினான்கு பெட்டிகளையும் தங்கக் காசையும் மரக்கறி வாங்கப் போகிற தள்ளுவண்டியில் அடுக்கி, மேலே ஒரு துவாயைப் போட்டு மூடி, நான் தனியாக ரயில் ஏறிச் சிட்னி நகரத்துக்குப் போனேன்.

நாணயம் வாங்கி விற்கிற கடை பழைய கட்டிடம் ஒன்றின் மாடியில் இருந்தது. கடைக்காரர் என் வயதுக்காரர். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். முதல் பெட்டியைத் திறந்தார். காசை எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்தார். இரண்டாவது பெட்டி. மூன்றாவது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு ஓர் ஊசி முனையால் ராணியின் முடிக்குள் இருந்து சிவப்பாக எதையோ கிளறி எடுத்து, இது என்ன என்று கேட்டார்.

குங்குமம் என்றேன். ஏன் என்று கேட்டார். பூசையைச் சொன்னேன். எதால் கழுவினாய் என்று கேட்டார். புளி என்றேன். அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் இரண்டு தரம் சொல்ல வேண்டி இருந்தது. பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வினாகிரி போட்டுக் கழுவினவர்களைக் கண்டிருக்கிறேன், பற்பசை போட்டவர்களையும் கண்டிருக்கிறேன், புளி இதுதான் முதல் தரம் என்றார். நக்கல் செய்யவில்லை. ஆறுதலாக விளங்கப்படுத்தினார். இந்தக் காசுக்கு மதிப்பே அந்தக் கண்ணாடி மினுக்கம்தானாம். கூட்டை உடைத்து, விரல் பட்டு, தேய்த்தால் கீறல் விழுந்துவிடும், விழுந்தால் சேர்க்கிறவர்கள் தொடமாட்டார்களாம். இப்போது ஐந்து சதம் ஐந்து சதத்துக்குத்தான் போகும். இதில் இரண்டு வருடத்துப் பெட்டிகள் கழுவாமல் இருந்திருந்தால் தானே சந்தோஷமாக வாங்கியிருப்பாராம்.

எனக்கு முகம் சுட்டது. வருடக்கணக்காகப் பக்தியோடு உட்கார்ந்து நானே என் பொருளைக் கெடுத்திருக்கிறேன். கடவுளே, கழுவாமல் விட்டிருந்தால் போதுமே. சோம்பேறியாக இருந்திருந்தால் லாபம் வந்திருக்கும்.

தங்கக் காசை அவர் கடைசியாக எடுத்தார். கூடு உடைக்கப்படவில்லை, சான்றிதழ் இருந்தது, பெட்டியில் ஒரு கறை இல்லை. அவர் முகம் முதல் தரம் மலர்ந்தது. ஒரு விலை சொன்னார். தங்கம் ஏறியிருக்கிற ஏற்றத்தில், நான் நினைத்ததை விட அதிகம். பத்து நிமிடம் தாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து, தெருவோர வாங்கில் தள்ளுவண்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

துவாயை விலக்கி முதல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கடைக்காரர் சொன்னது உண்மைதான். மினுக்கம் மங்கி, மெல்லிய கீறல்கள் விழுந்திருந்தன. ஆனால் அந்தக் கீறல் ஒவ்வொன்றும் என் விரலால் வந்தது. அந்தப் பிள்ளைகளும் என்னிடம் அப்படித்தானே இருந்தன. நான் அவற்றைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்துப் பார்க்கவில்லை. குளிப்பாட்டி, துடைத்து, மூக்குச் சிந்தி, முழங்கால் புண்ணுக்கு மருந்து போட்டு, தொட்டுத் தொட்டுத்தான் வளர்த்தேன். எனக்கு அழுகை வந்தது, உடனே பெருமையும் வந்தது. பக்கத்தில் இருந்த மனிதர் எழும்பி அடுத்த வாங்குக்குப் போனார்.

தங்கக் காசு வேறு. அது பெட்டிக்குள்ளே நகைகளோடு தூங்கின காசு. என் கை அதில் படவில்லை, பூசையையும் அது காணவில்லை. அந்த இரட்டைப் பிள்ளைகள் எனக்குச் சிவப்புப் பென்சில் கிறுக்கலில்தான் இருந்தார்கள். அந்த அட்டையை யார் கேட்டாலும் கொடுக்கமாட்டேன். காசைக் கொடுக்கலாம். எழும்பி மாடிக்குப் போய், தங்கத்தை விற்றேன். மற்றவற்றை விலைக்குக் கேட்டால்கூடத் தரமாட்டேன் என்று கடைக்காரரிடம் சொன்னேன். தான் கேட்கவே இல்லையே என்று அவர் சிரித்தார். சொல்ல வேண்டும் போல இருந்தது, சொன்னேன்.

இரவு மகளுக்குச் சொன்னேன். "அம்மா, இதில ஒரு நல்ல முன்கதவே போடலாம்" என்றாள். போடு என்றேன். கதவு என்றால் சும்மாவா, வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தட்டுவது அதைத்தானே.

சனிக்கிழமை நானும் அவரும் நூலகத்துக்குப் போனோம். அங்கே ஒரு மேசையில், சத்தியக் கடதாசிகளுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிற ஒரு வெள்ளைக்கார அம்மா காலையில் இருப்பார். வங்கி அனுப்பிய படிவங்கள் இரண்டு. பெயர், முகவரி, தொழில் என்று மூன்று கட்டங்கள். என் கணவர் வழக்கம்போல என்னுடையதையும் தன் பக்கம் இழுத்தார். நான் கையால் பொத்திக்கொண்டேன். "என்ரயை நான் எழுதிறன்" என்றேன். அவர் தன்னுடையதை எழுதத் தொடங்கினார்.

என் கையெழுத்து அவருடையது போல வராது. மெதுவாக எழுதினேன். தொழில் என்ற கட்டத்தில், குழந்தைப் பருவக் கல்வியாளர் என்று, சான்றிதழில் உள்ளபடியே ஆங்கிலத்தில் முழுவதும் எழுதினேன். கட்டம் போதவில்லை, வெளியிலும் கொஞ்சம் போனது.

அந்த அம்மா என்னுடையதை முதலில் எடுத்துச் சத்தமாக வாசித்தார். கல்வியாளர் என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்து, எத்தனை வருடம் என்று கேட்டார். பதினேழு என்றேன். நல்லது என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். பிறகு என் கணவருடையதை எடுத்தார். பெயர். டூங்கபி முகவரி. அடுத்ததை வாசித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்து, தொழில் இதுதானா என்று கேட்டார். அவர் தலையாட்டினார்.

நான் எட்டிப் பார்த்தேன். அச்சுப் போன்ற அந்த எழுத்தில், கட்டத்துக்குள் அளந்து வைத்த மாதிரி, "ஹோம் டியூட்டீஸ்" என்று எழுதியிருந்தார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் பேனையை மூடிச் சட்டைப்பையில் குத்தினார்.

"பொய் எழுதினா ஜெயில் எண்டு கீழ போட்டிருக்குத்தானே" என்றார்.